இரண்டு கொடித் தீவும் பெர்சிஸின் கையெழுத்தும்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்த மின்னஞ்சலை பெர்சிஸ் முதலில் படிக்கக்கூட இல்லை. அதோடு வந்த கடிதத்தின் தலையில் இருந்த இரண்டு முத்திரைகளிலேயே கண் நின்றுவிட்டது. இடது பக்கம் ஒரு கழுகு, வலது பக்கம் ஒரு கப்பல். ஒன்பது வருஷமாக இரண்டும் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் கழுகு தனித் தாளில் வரும், கப்பல் தனித் தாளில் வரும். இரண்டும் ஒரே தாளில் சேர்ந்து வந்து அவள் பார்த்ததில்லை.

பெர்சிஸ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தாள். தொண்ணூற்றெட்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், கண்டெய்னரோடு போகவேண்டிய அத்தனை காகிதங்களையும் தயார் செய்து கம்பெனி சார்பில் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்திருந்தாள். அவள் கையெழுத்து ஹாம்பர்க் போயிருக்கிறது, டர்பன் போயிருக்கிறது, பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத நாற்பது துறைமுகங்களுக்குப் போயிருக்கிறது. மாநிலத்துக்கு வெளியே அவள் போன ஒரே ஊர் பெங்களூர். கடலை மெரினாவில் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். கணவர் சுந்தர்ராஜ் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஒரே மகள் அக்சா வேலூர் பாகாயத்தில் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை வாங்கி, விசாவுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரி இருந்தது கழுகு முத்திரை நாட்டில்.

சாந்த் ஓரா என்கிற அந்தத் தீவை அவள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் தூரம்கூட அகலம் இல்லாத தீவு. அதை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஐரோப்பிய நாடுகள் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. வடக்குக் கரையில் கழுகுக் கொடி, தெற்குக் கரையில் கப்பல் கொடி. உலகத்தில் மற்ற இடங்களில் எல்லாம் கொடிகள் இறங்கியபிறகும் அங்கே இறங்கவில்லை. வடக்கில் ஒரு துறைமுகம், தெற்கில் ஒரு துறைமுகம், இரண்டிலும் தனித்தனிச் சுங்கம். சரக்கு எந்தக் கரையில் முதலில் இறங்குகிறதோ அந்த நாட்டுக்குச் சுங்கவரி. அப்புறம் அது தீவு முழுக்கப் போகலாம், இன்னொரு கரையில் வரி கிடையாது. அதனால் அங்கே ஷூ அனுப்புகிறவர்கள் எல்லாம், எந்தக் கரையில் இறங்கும் என்று ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஆபீசில் அதை லேண்டிங் பேப்பர் என்பார்கள்.

பெர்சிஸ் கடிதத்தைப் படித்தாள். இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு கூட்டு விசாரணைக் குழு அமைத்திருக்கின்றன. ஆறு கண்டெய்னர்களுக்கு வடக்கு என்றும் தெற்கு என்றும் இரண்டிரண்டு லேண்டிங் பேப்பர்கள் கிடைத்திருக்கின்றன. பன்னிரண்டிலும் ஒரே கையெழுத்து. கையெழுத்திட்டவர் விளக்கம் தர வேண்டும். கடைசி வரியில் அவள் முழுப்பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. பிறந்த தேதி இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் முதலில் யோசித்தாள்.

பன்னிரண்டும் அவள் போட்டதுதான். யாரும் கள்ளக் கையெழுத்துப் போடவில்லை. தீவில் சரக்கு வாங்குகிற வியாபாரி முதலில் வடக்கு என்று கேட்பான், வடக்கு என்று எழுதி அனுப்புவாள். கப்பல் கிளம்பிய பிறகு தெற்காக மாற்றித் தரச்சொல்லிக் கேட்பான். மேனேஜர் குர்ஷித் வந்து, "ஆளு மாத்தச் சொல்றான், மாத்திக் குடுத்துடும்மா" என்பார். மாற்றிக் கொடுப்பாள். பழைய தாளைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்பது முறை. திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு தடவை கேட்டு எழுதுவாள். வராது. அடுத்த கண்டெய்னர் வந்து நிற்கும், விட்டுவிடுவாள்.

அந்த வியாபாரி என்ன செய்திருக்கிறான் என்பது கடிதத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. தெற்குச் சுங்கத்தில், "சரக்கு வடக்கில் இறங்கியது, வரி அங்கே கட்டியாயிற்று, இதோ தாள்" என்று முதல் தாளைக் காட்டியிருக்கிறான். வடக்கில் போய், "தெற்கில் இறங்கியது, அங்கே கட்டியாயிற்று" என்று இரண்டாவது தாளைக் காட்டியிருக்கிறான். இரண்டு பக்கமும் கட்டவில்லை. அந்த இரண்டு சுங்கமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது என்பதுதான் அவன் தைரியம். இப்போது பேசிக்கொண்டுவிட்டன.

குர்ஷித்தின் அறைக்குப் போய்க் கடிதத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார், மறுபடி போட்டுப் படித்தார்.

"இது ஒண்ணும் ஆகாதும்மா. நான் பாத்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் பேசாதீங்க."

"சார், என் பேரு போட்டு வந்திருக்குது."

"பேரு போட்டாதானே லெட்டர் வரும்? போங்க, டென்ஷன் ஆவாதீங்க."

சொல்லும்போது அவர் கையில் இருந்த பேனா மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தது. இருபது வருஷமாக அவரைப் பார்க்கிறாள், அவர் பேனா அப்படித் தட்டியதில்லை. அதைப் பார்த்தபிறகுதான் பெர்சிஸுக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டில் எதையும் சொல்லாமல் நடமாடினாள். சுந்தர்ராஜ் சாப்பிடும்போது ஏதாவது கேட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவில் நின்றவள், வாயை மட்டும் அசைத்தாள், சத்தம் வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஏதாவது ஜீப் நின்றால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் "மேடம், பெர்சிஸ்ங்கறது நீங்கதானே" என்று ரசீதைப் பார்த்துக் கேட்டான். அவளுக்கு ஒரு கணம் "இல்லை" என்று சொல்லத் தோன்றியது.

எல்லாவற்றையும்விட அக்சாவைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் தினமும் காலையில் எழுந்ததும் போனில் விசா பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். "இன்னும் ப்ராசஸிங்லயே இருக்குதும்மா" என்பாள். வேறொன்றுமில்லை, வெறும் தாமதம்தான் என்று பெர்சிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஆனால் மனசு வேறு கணக்குப் போடும். கழுகு நாட்டுக்காரன் ஒரு பக்கம் அம்மா பெயரை விசாரணையில் வைத்திருக்கிறான், இன்னொரு பக்கம் மகள் விண்ணப்பத்தில் தாயார் பெயர் என்ற இடத்தில் அதே பெயர் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒருத்தன் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு வாரம் கழித்து குர்ஷித் அவளைக் கூப்பிட்டார். அறையில் கம்பெனி வக்கீலும் இருந்தார். மேசையில் ஒரு பக்கத்துக்கு டைப் செய்த கடிதம். பெர்சிஸ் படித்துப் பார்த்தாள். வேலைப்பளுவில் தான் தவறுதலாக இரண்டு தாள் கொடுத்துவிட்டதாகவும், மேலதிகாரிகளுக்கோ கம்பெனிக்கோ இது தெரியாது என்றும் அவள் எழுதுவதுபோல் இருந்தது.

"இது ஒரு ஃபார்மாலிட்டிதான்மா" என்றார் வக்கீல். "தவறுதலா நடந்ததுன்னா அது குத்தம் ஆகாது."

"அப்ப ஏன் சார் என் பேர்ல மட்டும் இருக்குது?"

வக்கீல் குர்ஷித்தைப் பார்த்தார். குர்ஷித் ஜன்னலைப் பார்த்தார்.

"கையெழுத்து உங்களுதுதானேம்மா" என்றார் குர்ஷித் மெதுவாக.

ஒருநாள் டைம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிற சைரா அவளை வாசலில் பிடித்துக்கொண்டாள். பத்து வருஷம் சின்னவள், அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டிருப்பவள்.

"இன்னாக்கா, மூஞ்சி பேஜாரா இருக்குது? ஷுகர் கம்மியாய்டுச்சா?"

பெர்சிஸ் அவளை ரெக்கார்ட் ரூம் பக்கம் கூட்டிக்கொண்டுபோய் முதல்முறையாக ஒரு மனுஷியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சைரா வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேனேஜர் வாயால சொன்னதுதானேக்கா? எழுத்துல ஏதாச்சும் இருக்குதா?"

"மெயில் ஒண்ணும் இல்ல. எல்லாம் நேர்ல வந்து சொல்றதுதான்."

"நீதான் எல்லா ஃபைல்லயும் ஓரத்துல பென்சில்ல கிறுக்கி வைப்பியே. அதுல பாரு."

அது பெர்சிஸுக்கு நினைவே இல்லை. டைப்பிஸ்டாக இருந்த காலத்திலிருந்து ஒரு பழக்கம், யார் சொல்லி எதைச் செய்தோம் என்று ஆபீஸ் நகலின் ஓரத்தில் தமிழில் குறித்து வைப்பாள். இருவரும் ரெக்கார்ட் ரூமுக்குள் போனார்கள். தோலும் பசையும் கலந்த வாசனை காகிதத்துக்குள்ளும் ஏறியிருந்த அறை. சைரா ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான்காவது ஃபைலில் கிடைத்தது: "கு. சார் சொன்னபடி தெற்கு என மாற்றியது. பழைய தாள் கேட்டு எழுதியாச்சு, வரலை." தேதியோடு இருந்தது. ஆறில் ஐந்து ஃபைல்களில் அப்படி இருந்தது. ஒன்றில் மட்டும் ஒன்றும் இல்லை.

சைரா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. குர்ஷித் நின்றார்.

பெர்சிஸ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள். சைரா ஏணியிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றாள். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையை நீட்டினார்.

"அதக் குடுங்கம்மா."

"மாட்டேன் சார்." அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. "நீங்க கேட்ட லெட்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னைக் கேட்டா நடந்ததச் சொல்வேன். உங்க பேரையும் சொல்வேன், என் பேரையும் சொல்வேன். பழைய தாள் வரலன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தேன்ல, அதையும் சொல்வேன்."

குர்ஷித் கை நீட்டியபடியே நின்றார். பிடுங்கியிருந்தால் அவள் விட்டிருப்பாள், அவ்வளவுதான் அவள் கையில் பலம் இருந்தது. அவர் பிடுங்கவில்லை. பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வியாபாரிக்கும் எனக்கும் ஒரு பைசா கொடுக்கல் வாங்கல் கிடையாதும்மா. அல்லா மேல ஆணையா. ஆர்டர் போய்டுமேன்னு செஞ்சேன். என்னைத்தான் முதல்ல உள்ள தள்ளுவாங்க."

"எனக்கும் அந்த பயம்தான் சார்" என்றாள் பெர்சிஸ்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட்டாள். சுந்தர்ராஜ் எழுந்து வாசல்வரைக்கும் போய், திரும்பி வந்து, "ரெண்டு வாரமாவா? பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், எங்கிட்ட சொல்லலியா பெர்சி?" என்றார். அக்சா அழுதாள். விசா போய்விடும் என்று அழுகிறாள் என்று பெர்சிஸ் நினைத்தாள். அவளோ, "ராத்திரி பகலா நீ பாத்ரூம்ல போய் உக்காந்துக்கறப்ப உனக்கு ஏதோ பெரிய நோவுன்னு நெனச்சேன்மா. நான் நர்ஸு, எனக்கு என்னென்னவோ தோணுச்சு" என்றாள்.

ஜூலை கடைசியில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. ராணிப்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் வீடியோ மூலம். பெர்சிஸ் ஐந்து ஃபைல்களையும், ஒன்றும் எழுதாத ஆறாவதையும் பையில் வைத்துக்கொண்டாள். கம்பெனி தடுக்கவில்லை; சைராவின் போனில் படம் இருப்பது அதற்குள் முதலாளி வரைக்கும் போயிருந்தது. சுந்தர்ராஜ் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி, சாலையோரம் போய் நின்று வாந்தி எடுத்தாள். வெறும் டீதான் வந்தது.

சுவரில் பெரிய திரை. அதில் வலது பாதியில் கப்பல் நாட்டு அதிகாரி, வயதானவர், டை கட்டியிருந்தார். இடது பாதியில் கழுகு நாட்டு அதிகாரி, நடுத்தர வயதுப் பெண். அவர்களுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் தீவின் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு கறுத்த பெண் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தாள். அங்கே மின்விசிறி ஓடவில்லை போலிருக்கிறது, கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. ராணிப்பேட்டை அலுவலக அதிகாரி ஒருவர் பெர்சிஸின் பக்கத்தில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் தமிழில் சொல்வதாகச் சொன்னார்.

முதல் கேள்விகள் அவள் பயந்த மாதிரிதான் இருந்தன. பெயர், வேலை, இது உங்கள் கையெழுத்தா. ஆமாம், ஆமாம் என்று பன்னிரண்டு தடவை சொன்னாள்.

அதன்பிறகு கழுகு நாட்டுப் பெண் கேட்டாள், "முதலில் நீங்கள் எழுதியது வடக்கு. எனவே உங்கள் அறிவுக்கு எட்டியவரை சரக்கு வடக்கில் இறங்குவதாகத்தான் இருந்தது, சரிதானே?"

பெர்சிஸ் பதில் சொல்லும் முன் வயதானவர் குறுக்கிட்டார். "பிந்தைய தாள் முந்தையதை ரத்து செய்கிறது. அது தெற்கு என்கிறது. அப்படித்தானே அம்மையாரே?"

பெண் ஏதோ சொன்னாள். அவர் அதற்கு ஏதோ சொன்னார். இருவரும் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்கள். அப்புறம் யாரோ ஒலியை நிறுத்திவிட்டார்கள். திரையில் இரண்டு வாய்கள் மட்டும் சத்தமில்லாமல் திறந்து மூடின. அவர் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கேமராவுக்கு நேரே காட்டினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இன்னா சார் நடக்குது?" என்று பெர்சிஸ் பக்கத்தில் இருந்த அதிகாரியிடம் கேட்டாள்.

"வியாபாரிகிட்ட இருந்து அபராதத்தோட வரியப் புடிச்சிட்டாங்கம்மா. சரக்கு முதல்ல எங்க இறங்குச்சுன்னு ரெண்டு பக்கமும் பதிவு இல்ல, அதான் அது வடக்குக்குச் சேரணுமா, தெற்குக்குச் சேரணுமான்னு இப்ப சண்டை. நீங்க வடக்குன்னு சொன்னா அந்தம்மாவுக்கு, தெற்குன்னு சொன்னா அவருக்கு."

பெர்சிஸுக்கு அப்போதுதான் வேறுவிதமான பயம் வந்தது. இதுவரை இரண்டு நாடும் சேர்ந்து தன்னைப் பிடிக்க வருவதாக நினைத்திருந்தாள். இப்போது இரண்டில் ஒன்றுக்குச் சாதகமாகச் சொல்லியாக வேண்டும், மற்றது அவளை விடாது. வடக்கு என்றால் அக்சாவுக்கு விசா வரலாம். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்கே முகம் சுட்டது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த வார்த்தை. கீழே சின்னக் கட்டத்தில் இருந்த பெண் டைப் செய்வதை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாள். தன்னைத்தான் பார்க்கிறாளா, வெறும் கேமராவையா என்று தெரியவில்லை.

நாற்பது நிமிஷம் கழித்து ஒலி வந்தது. "அம்மையாரே, இரண்டில் எது உண்மை?" என்றார் வயதானவர்.

பெர்சிஸ் தமிழில் சொன்னாள். அதிகாரி மொழிபெயர்த்தார்.

"எது உண்மைன்னு எனக்குத் தெரியாது சார். நான் அந்தக் கப்பலைப் பார்த்ததில்ல, அந்தத் தீவையும் பார்த்ததில்ல. வடக்குன்னு எழுதச் சொன்னாங்க, எழுதினேன். மேனேஜர் குர்ஷித் சார் மாத்தச் சொன்னாரு, மாத்தினேன். அஞ்சு ஃபைல்ல குறிச்சு வெச்சிருக்கேன். ஆறாவதுல குறிக்கல, ஆனா அதுவும் அப்படித்தான். பழைய தாள் திரும்பி வரல. நான் மறுபடி கேட்டிருக்கணும், கேக்கல. அது என் தப்பு. வடக்கா தெற்கான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க, சொன்னா பொய்யாய்டும்."

இருவரும் குறித்துக்கொண்டார்கள். இருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

அதற்குப்பின் மூன்று மாதம் ஒரு தகவலும் வரவில்லை. அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேட்டால் பெர்சிஸுக்குச் சொல்லத் தெரியாது. கம்பெனியில் அவளிடமிருந்து கையெழுத்துப் பொறுப்பை எடுத்துவிட்டு, சாம்பிள் ரூமில் போட்டார்கள். சம்பளம் குறையவில்லை, ஆனால் மேசை போய்விட்டது. குர்ஷித் ஆகஸ்டில் வேலையை விட்டார். விடச் சொன்னார்களா, தானாக விட்டாரா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எடை ஏழு கிலோ இறங்கி, பெர்சிஸின் ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்தன. அக்சா வாரம் ஒருமுறை அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

அக்டோபரில் கடிதம் வந்தது. மறுபடி இரண்டு முத்திரைகள். சுந்தர்ராஜைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்தாள். இரண்டு அரசுகளின் தூதர்களும் சந்தித்துப் பேசி, வசூலான வரியை ஆளுக்குச் சரிபாதியாக எடுத்துக்கொள்ள உடன்பட்டுவிட்டார்கள். இனிமேல் லேண்டிங் பேப்பர் முறை கிடையாது, இரண்டு சுங்கமும் ஒரே பதிவேட்டைப் பார்க்கும். ஏற்றுமதியாளரின் ஊழியர்கள்மீது மேல்நடவடிக்கை இல்லை. அவள் சாட்சியம் தேவைப்படவில்லை என்றும் ஒரு வரி இருந்தது. அவள் பெயரை 'பெர்ஸஸ்' என்று தப்பாக அடித்திருந்தார்கள்.

"அவ்ளோதானா?" என்றார் சுந்தர்ராஜ்.

பெர்சிஸ் கடிதத்தை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பாதி அந்த நாட்டுக்கு, பாதி இந்த நாட்டுக்கு என்று இருந்தது. தீவுக்கு என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு டைப் அடித்த அந்தப் பெண்தான் இந்தக் கடிதத்தையும் அடித்திருப்பாளோ என்று நினைத்துக்கொண்டாள்.

அக்சாவுக்கு டிசம்பரில் விசா வந்தது. தாமதத்துக்கும் அம்மாவுக்கும் சம்பந்தம் இருந்ததா என்பதை அவர்கள் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த வாரம், பெர்சிஸ் காட்பாடி போவதற்காக ஆம்பூர் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நின்றிருந்தாள். பிளாட்பாரத்தில் குர்ஷித் நின்றார். ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இப்போது ஸ்டோர் பார்க்கிறாராம். தாடி நரைத்திருந்தது. இவளைப் பார்த்துவிட்டு முதலில் வேறு பக்கம் திரும்பினார், பிறகு தானாகவே வந்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் சார். பொண்ணு போய்ட்டா."

"கேள்விப்பட்டேன். சந்தோஷம்." தண்டவாளத்தைப் பார்த்தபடியே பேசினார். "அன்னிக்கு உங்க தலையில எல்லாத்தையும் கட்டிடப் பாத்தேன். மன்னிச்சுடுங்கன்னு கேக்கறதுக்குக்கூட வாய் வரல இத்தினி நாளா."

"தெரியும் சார்" என்றாள் பெர்சிஸ். கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இருந்தது, கொஞ்சமாக. "நானும்தான் உங்க பேரைச் சொன்னேன்."

"நடந்ததத்தானே சொன்னீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு இன்னும் போன் அடிச்சா எடுக்க பயமா இருக்குது. உங்களுக்கு அந்த பயம் போய்டுச்சா?"

"இல்ல சார்."

ரயில் வருவதாக அறிவித்தார்கள். இரண்டு பேரும் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றுகொண்டார்கள்.